தணிகை மைந்தரின் தன்னொழுக்கம்

சூரனோடு செய்த போரின் சினமும் வேடரோடு நேர்ந்த பூசலின் சினமும் தணிந்து முருகப்பெருமான் அமர்ந்த இடம் ஆதலால் இம்மலை தணிகை எனப் பெயர் பெற்றது என்று தலபுராணம் கூறும். அறுபடை வீடுகளுள் ஐந்தாவதாக எண்ணப்படும் இத்தலத்துக்கு ஆண்டின் நாள்களுக்கு ஒன்றாக 365 படிகள் அமைந்துள்ளன. படித்திருவிழா நாளில் அடியார்கள் படிதோறும் நின்று திருப்புகழ் பாடி ஏறுகின்றனர். அருணகிரிநாதரும் வள்ளலாரும் பாடிப் பரவிய இந்த மலையடி ஊரில் 1888 செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்தவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன்.

அவரைத் தத்துவப் பேரறிஞர் என்றும், இந்தியக் குடியரசின் இரண்டாவது தலைவர் என்றும், ஆசிரியர் நாளுக்கு உரியவர் என்றும் நாடு அறியும். ஆனால், பள்ளிப் பருவத்தின் முக்கியமான ஆண்டுகளிலும் கல்லூரிப் பருவம் முழுவதிலும் அவருக்குக் கல்வி தந்தவை கிறித்தவ மறைப்பணியாளர் நடத்திய நிறுவனங்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அங்கே அவர் பெற்ற பயிற்சி பெரிது. அங்கே அவர் உள்ளத்தில் பட்ட காயமும் பெரிது. அந்தக் காயத்தைச் சினமாக வளர விடாமல் கல்வியாக மாற்றிக்கொண்டதே அவருடைய வாழ்வின் முதல் தன்னொழுக்கம். பின்னாளில் அவர் எய்திய பெருமைகள் யாவும் அதன்மேல் எழுந்தவை.

எல்லைப்புறத்துப் பிள்ளை

இராதாகிருஷ்ணனின் குடும்பம் தெலுங்கு பேசும் எளிய அந்தணக் குடும்பம். முன்னோர் நெல்லூர்ப் பகுதியில் உள்ள சர்வபள்ளி என்னும் ஊரினர். ஊர்ப்பெயரே குடும்பப் பெயராயிற்று. தந்தையார் வீராசாமி, ஜமீன் வருவாய்த் துறையில் சிறு பணியில் இருந்தவர். தாயார் சீதம்மா. வருவாய் குறைவு, பிள்ளைகள் பலர்.

அந்நாளில் திருத்தணி சென்னை மாகாணத்தின் வடார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனோடு சேர்ந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபின் ஆந்திரத்தில் இருந்த இவ்வூர், ம.பொ.சி. முதலியோர் நடத்திய வட எல்லைப் போராட்டத்தின் பயனாக, எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அப்போது இராதாகிருஷ்ணன் நாட்டின் குடியரசுத் துணைத் தலைவர். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊரில் பிறந்தவருக்கு, ஒன்றுக்கு மேற்பட்ட மரபுகளோடு சேர்ந்து வாழ்வது புதிய செய்தியாக இருந்திராது. அந்த வாழ்க்கைக்குரிய மனப்பயிற்சி மட்டும் தானாக வந்துவிடவில்லை.

மணியோசைக்கு அடங்கிய வாழ்க்கை

தொடக்கக் கல்வியைத் திருத்தணியில் கற்றபின் 1896இல் திருப்பதியில் இருந்த ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மறைப்பணிப் பள்ளியில் அவர் சேர்க்கப்பட்டார். ஜெர்மன் நாட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து புறப்பட்ட மறைப்பணி இயக்கம் அது. வேங்கடவன் மலையடியில் லுத்தரன் ஆசிரியர்களிடம் முருகன் மலையடியிலிருந்து வந்த பிள்ளை பாடம் கேட்டது. பின்னர் வாலாஜாபேட்டையிலும் சிறிது காலம் பயின்று, வேலூர் ஊரீசுக் கல்லூரியை அடைந்தார். அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையின் ஆர்க்காட்டு மிஷன் நடத்திய கல்லூரி அது. அவர் வேலூரில் பயின்ற 1900 முதல் 1904 வரையான ஆண்டுகளில்தான் அதே மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ஐடா ஸ்கடர் அவ்வூரில் பெண்களுக்கான மருத்துவப் பணியைத் தொடங்கி, 1902இல் ஒரு மருத்துவமனையையும் திறந்தார். இன்று உலகறிந்த கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வித்து அது.

1904இல் உதவித்தொகை பெற்றுச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். ஸ்காட்லாந்துத் திருச்சபையின் வில்லியம் மில்லர் வளர்த்த அக்கல்லூரி அந்நாளில் ஜார்ஜ் டவுனில் உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது. தாம்பரத்துக்கு மாறியது 1937இல்தான். தத்துவத்தை அவர் தேர்ந்தெடுத்தது பெரிய திட்டத்தினால் அன்று. பட்டம் முடித்த உறவினர் ஒருவர் தம் பாடநூல்களைக் கொடுத்துதவினார். அவை தத்துவ நூல்களாக இருந்தன. வேறு நூல் வாங்கப் பணமில்லாத மாணவர் கையில் கிடைத்ததையே துறையாகக் கொண்டார்.

இத்தகைய கல்விக்கூடங்களில் நாள்முறை கண்டிப்பானது. மணியடித்தால் வகுப்பு, குறித்த நேரத்தில் பாடம், அதனோடு விவிலிய வகுப்பும் உண்டு. கிறித்தவர் அல்லாத மாணவர்களும் நற்செய்தி நூல்களைப் படித்தே தீரவேண்டும். இராதாகிருஷ்ணன் அவற்றை நன்றாகவே படித்தார். இயேசு பெருமானின் மலைப்பொழிவும் பவுலடிகளின் திருமுகங்களும் பின்னாளில் அவர் நூல்களில் இயல்பாக வந்து அமர்வதற்கு அந்த வகுப்பறைகளே காரணம்.

புண்பட்ட இளமை

அவ்வகுப்பறைகளுக்கு மற்றொரு பக்கமும் இருந்தது. இந்து சமயம் மூடநம்பிக்கைகளின் தொகுதி என்றும், வேதாந்தம் உலகைப் பொய் என்று சொல்லிக் கைகழுவுவதால் அதில் ஒழுக்கத்துக்கு இடமே இல்லை என்றும் மறைப்பணியாளர் பலர் கருதினர், சொல்லியும் வந்தனர். விவேகானந்தர் 1893இல் சிகாகோவில் பேசித் திரும்பியதால் இளைஞர் உள்ளங்களில் எழுந்திருந்த பெருமிதம் இராதாகிருஷ்ணனிடமும் இருந்தது. அந்தத் துறவியின் கடிதங்கள் கையெழுத்துப் படிகளாக மாணவர்களிடையே சுற்றிவந்த காலம் அது. அப்பெருமிதம் வகுப்பறையில் அடிபட்டது. தம் வாழ்க்கையைப் பற்றிப் பின்னாளில் எழுதியபோது இந்த வேதனையை அவர் மறைக்கவில்லை.

அடிபட்ட இளைஞன் முன்னே வழக்கமாக இரண்டு பாதைகள் இருக்கும். தன் சமயத்தை வெறுத்து ஒதுக்குவது ஒன்று. பிறர் சமயத்தைப் பகைத்து ஏசுவது மற்றொன்று. இராதாகிருஷ்ணன் இரண்டிலும் செல்லவில்லை. குற்றச்சாட்டில் உண்மை எவ்வளவு, பொய் எவ்வளவு என்று பார்ப்பதற்காகத் தம் சமய நூல்களை மூலத்திலிருந்தே படிக்கத் தொடங்கினார். வாழும் சமயத்தில் எது உயிருள்ளது, எது உளுத்துப்போனது என்பதைத் தாமே பிரித்தறிய வேண்டும் என்னும் உறுதி அவருக்கு வந்தது. குற்றம் சாட்டியவர்கள் மீதும் அவருக்கு நன்றி இருந்தது. எளிதாகக் கைக்கு வந்த நம்பிக்கையைக் கலைத்து, தத்துவம் பிறக்கும் ஐயநிலைக்குத் தம்மைக் கொண்டு சேர்த்தவர்கள் அவர்களே என்று கருதினார்.

சினத்தை அடக்குவதும் சினத்தைத் தணிப்பதும் வேறு. அடக்கிய சினம் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். தணிந்த சினத்தின் ஆற்றல் வேறு பணிக்குப் பயன்படும். இம்மாணவரிடம் நிகழ்ந்தது இரண்டாவது.

ஆய்வேடும் ஆசிரியரும்

முதுகலைப் பட்டத்துக்கு உரிய ஆய்வேட்டின் பொருளாக அவர் எடுத்துக்கொண்டது வேதாந்தத்தின் ஒழுக்கவியல். வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்கு அது நேரான விடை. 1908இல் நூலாக வெளிவந்தபோது அவருக்கு வயது இருபது. அதனை மதிப்பிட வேண்டியவர் ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக் என்னும் ஸ்காட்லாந்துப் பேராசிரியர். வினைக் கொள்கையையும் மீட்பையும் ஒப்பிட்டு ஆழ்ந்து எழுதிய இறையியலாளர். கிறித்தவக் கல்லூரியில் இருந்துகொண்டு கிறித்தவர்களின் கருத்தை மறுக்கும் ஆய்வேடு அவரைப் புண்படுத்துமோ என்று மாணவர் அஞ்சினார். ஹாக் அதைப் படித்துவிட்டு, சிக்கலான வாதத்தைக் கையாளும் திறனையும் நல்ல ஆங்கில நடையையும் மனமாரப் பாராட்டிச் சான்று அளித்தார்.

இந்நிகழ்ச்சியில் ஆசிரியரின் தன்னொழுக்கமும் அடங்கியுள்ளது. தம் நம்பிக்கைக்கு மாறான முடிவை நேர்மையாக மதிப்பிடுவதற்கும் பயிற்சி வேண்டும். கிறித்தவம் போதித்த அன்பை ஹாக் தேர்வுத்தாளின் ஓரத்தில் கடைப்பிடித்துக் காட்டினார் எனலாம். சொற்பொழிவுகளால் ஏற்பட்ட புண்ணை ஆற்ற இத்தகைய ஆசிரியர்களின் நடத்தை பெரிதும் துணைசெய்தது.

நாளும் தொடர்ந்த முறை

1909இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியப் பணி கிடைத்தது. ஊதியம் சிறிது, குடும்பம் பெரிது. பின்னர் இராஜமுந்திரி, 1918 முதல் மைசூர் மகாராஜா கல்லூரி. 1921இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாம் ஜார்ஜ் பேராசிரியர் பதவிக்காக மைசூரை விட்டுப் புறப்பட்டபோது, மாணவர்கள் வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே புகைவண்டி நிலையம் வரை இழுத்துச் சென்றனர் என்பது பலரும் அறிந்த செய்தி.

இத்தனை இடமாற்றங்களுக்கு இடையிலும் படிப்பும் எழுத்தும் நின்றதில்லை. இந்தியத் தத்துவம் பற்றிய அவருடைய இரு பெருந்தொகுதிகள் 1923லும் 1927லும் வெளிவந்தன. அவருடைய ஒழுங்கு துறவியின் ஒழுங்கு அன்று. நாளின் பெரும்பகுதியைக் கட்டிலில் சாய்ந்தபடியே படிப்பதிலும் எழுதுவதிலும் கழிப்பார். கூச்ச இயல்பு உடையவர். தனிமையும் நூல்களுமே அவருக்கு உற்ற துணை. மரக்கறி உணவும் மது விலக்கும் ஆக்ஸ்போர்டிலும் மாஸ்கோவிலும் மாறவில்லை. வெண்ணிறத் தலைப்பாகையும் நீண்ட மேலங்கியும் எந்த அவையிலும் அவருக்கு உரிய உடையாகவே இருந்தன.

மேடையில் குறிப்புத்தாள் இன்றிப் பேசுவார். 1947 ஆகஸ்டு 14 இரவு அரசியல் நிர்ணய சபையில் நள்ளிரவு நெருங்கும்வரை அவையைத் தாங்கிப் பேசும் பொறுப்பு அவரிடம் தரப்பட்டது. சொல்வன்மையைக் கடிகாரத்துக்கு அடங்க வைக்கவேண்டிய பணி. உரிய நேரத்தில் முடித்து அமர்ந்தார். சொல்லத் தெரிவது ஒரு கலை என்றால், நிறுத்தத் தெரிவது அதனினும் கடினம் என்பதைக் கவிஞர்கள் நன்கு அறிவர்.

பிறர் கோயிலில் பேசிய சொல்

1926இல் ஆக்ஸ்போர்டின் மான்செஸ்டர் கல்லூரியில் அப்டன் சொற்பொழிவுகள் ஆற்ற அழைக்கப்பட்டார். அவையே இந்துக்களின் வாழ்க்கை நோக்கு பற்றிய புகழ்பெற்ற சிறுநூலாக மறு ஆண்டு வெளிவந்தன. சமயம் என்பது ஏற்றுக்கொண்ட கொள்கைகளின் பட்டியல் அன்று, வாழ்ந்து காட்டும் ஒழுக்கமே என்பது அந்நூலின் அடிநாதம். வகுப்பறையில் கேட்ட பழைய குற்றச்சாட்டுக்கான விடையே அங்கு இன்னும் முதிர்ந்த குரலில் ஒலித்தது.

1930 ஜூன் மாதம் அதே கல்லூரியின் சிற்றாலயத்தில் அவர் மறையுரை ஆற்றினார். பழைய ஏற்பாட்டு வசனம் ஒன்றை அடிப்படையாகக் கொண்டு, துன்பத்தின் வழியே வரும் மாற்றத்தைப் பற்றிப் பேசினார். திருப்பதிப் பள்ளியில் விவிலியப் பாடம் கேட்ட பையன், முப்பது ஆண்டுகளுக்குப் பின் கிறித்தவர்களுக்கே விவிலியப் பொருள் உரைத்தார். அதைச் செய்வதற்காக அவர் மதம் மாறவில்லை. தம் மதத்தை மறைக்கவும் இல்லை. 1936 முதல் 1952 வரை ஆக்ஸ்போர்டில் கீழை நாட்டுச் சமயங்களுக்கான ஸ்பால்டிங் பேராசிரியராக விளங்கினார். உபநிடதங்களுக்கு 1953இல் அவர் வெளியிட்ட உரையில் எக்கார்ட் முதலிய கிறித்தவ ஞானியரின் கருத்துகள் ஒப்புமைக்காக இடம்பெற்றிருப்பதைக் காணலாம்.

எல்லாக் கிறித்தவ அறிஞரும் அவரை ஏற்றுக்கொண்டனர் என்று சொல்வதற்கில்லை. டச்சு இறையியலாளர் ஹென்ட்ரிக் கிரேமர் 1956இல் எழுதிய நூலில் அவரை விரிவாகவே மறுத்தார். எல்லாச் சமயங்களையும் வேதாந்த அளவுகோலாலேயே அளந்துவிடுகிறார், இயேசுவின் தனித்தன்மை அதில் கரைந்துபோகிறது என்பது அத்தரப்பின் குறை. அந்த மறுப்பிலும் பொருள் உண்டு. பிறர் நம்பிக்கையை மதிப்பதாக எண்ணி, அறியாமலே அதற்கு நம் சட்டையை அணிவித்துவிடுவது ஒப்பீட்டு அறிஞர் யாருக்கும் நேரக்கூடிய வழு.

ஒரு சில மணித்துளி மௌனம்

நாடு விடுதலை பெற்றபின் 1948இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்கு இராதாகிருஷ்ணன் தலைவரானார். மறு ஆண்டு தரப்பட்ட அறிக்கையில் சமயக் கல்வி பற்றிய பகுதி ஊன்றிப் படிக்கத்தக்கது. எல்லாக் கல்வி நிறுவனங்களும் நாள்தோறும் சில மணித்துளி மௌனத் தியானத்தோடு பணியைத் தொடங்க வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. பட்டப்படிப்பின் முதலாண்டில் புத்தர், கன்பூசியஸ், சாக்ரடீஸ், இயேசு, சங்கரர், இராமானுசர், நபிகள் நாயகம், கபீர், நானக், காந்தியடிகள் முதலிய பெரியோரின் வாழ்க்கை வரலாறுகள். இரண்டாம் ஆண்டில் உலக மறைநூல்களிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகள். மூன்றாம் ஆண்டில் சமயத் தத்துவத்தின் அடிப்படைச் சிக்கல்கள் என ஒரு பாடத்திட்டத்தையும் வகுத்துக் காட்டியது.

ஒரே சமயத்தின் வழிபாட்டோடு தொடங்கிய கல்விக்கூடங்களில் வளர்ந்தவர் அவர். நாள்தோறும் ஒரு வேளை மனத்தை ஒருமுகப்படுத்தும் வழக்கத்தை அங்கிருந்து எடுத்துக்கொண்டு, அந்த வேளையில் எந்தப் பெயரைச் சொல்வது என்பதை மட்டும் அவரவர் உள்ளத்துக்கு விட்டுவிட்டது இப்பரிந்துரை. யாரையும் புண்படுத்தாத ஒழுக்கப் பயிற்சி மௌனத்திலிருந்தே தொடங்க முடியும் என்பது, புண்பட்டு அறிந்தவரின் தலைமையில் பிறந்த முடிவு. அப்பரிந்துரை நாடு முழுவதும் நடைமுறைக்கு வரவில்லை என்பது வேறு செய்தி.

அவர் குடியரசுத் தலைவராக இருந்த காலத்தில், 1964 டிசம்பரில், போப் ஆறாம் பால் பம்பாய்க்கு வந்தார். பிற சமயத்தார் கூடிய அவையில் அவர் உபநிடதப் பிரார்த்தனை ஒன்றை எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டு வத்திக்கான் பொதுச்சங்கம் பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று அறிவித்தது. இராதாகிருஷ்ணன் மாணவராக இருந்த காலத்தில் கற்பனையிலும் எட்டாத மாற்றம் அது.

குறைகளும் வாழ்வின் பகுதியே

விழா மலர்களில் பெரியோரைக் குறையற்றவராகக் காட்டும் வழக்கம் உண்டு. அது அவர்களுக்கும் நன்மை செய்வதில்லை. படிப்போருக்கும் பயன் தருவதில்லை. 1929இல் ஜதுநாத் சின்ஹா என்னும் வங்க அறிஞர், தம் ஆய்வேட்டின் பகுதிகள் இராதாகிருஷ்ணன் நூலில் இடம்பெற்றுள்ளன என்று குற்றம் சாட்டினார். இருதரப்பும் நீதிமன்றம் சென்றன. 1933இல் வழக்கு சமரசமாக முடிந்தது. 1903இல் சிறுமியாக அவரை மணந்த சிவகாமு அம்மையார் ஐந்து பெண்மக்களையும் ஒரு மகனையும் வளர்த்து, கணவரின் புகழுக்குப் பின்னே அமைதியாக வாழ்ந்து 1956இல் மறைந்தார். அந்த இல்வாழ்வில் கணவர் பக்கம் இருந்த வழுக்களைப் பிறர் அல்லர், மகனாகிய வரலாற்றறிஞர் சர்வபள்ளி கோபாலே 1989இல் எழுதிய வரலாற்றில் மறைக்காமல் பதிவு செய்தார்.

தந்தையைப் பற்றி மகன் அப்படி எழுதியதும் ஒரு தன்னொழுக்கமே. அறிவுத் துறையில் தம்மை ஆள முடிந்த ஒருவருக்கு வாழ்வின் மற்றொரு துறையில் அது முழுமையாகக் கைகூடாமல் போகலாம். ஒரு படியில் கால் ஊன்றியது அடுத்த படிக்கு உறுதியாகாது. அதையும் தனியே ஏறித்தான் ஆகவேண்டும்.

இறுதி விருது

1967இல் பதவிக்காலம் முடிந்ததும் இராதாகிருஷ்ணன் சென்னை மயிலாப்பூரில் உள்ள தம் இல்லத்துக்குத் திரும்பினார். அந்தச் சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1975இல், நோயுற்றுப் படுக்கையில் இருந்த நிலையில், சமயத் துறைக்கான டெம்பிள்டன் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. ஜான் டெம்பிள்டன் என்னும் கிறித்தவச் செல்வர் நிறுவிய அப்பரிசை 1973இல் அன்னை தெரேசாவும் 1974இல் தெய்சே மடத்துச் சகோதரர் ரோஜேயும் பெற்றிருந்தனர். கிறித்தவர் அல்லாதவருள் அதனை முதன்முதலில் பெற்றவர் இராதாகிருஷ்ணன். பரிசுத் தொகையை ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்துக்கே அளித்துவிட்டார். சில வாரங்களில், 1975 ஏப்ரல் 17ஆம் நாள், தம் 86ஆம் வயதில் மறைந்தார்.

கிறித்தவ வகுப்பறையில் புண்பட்ட ஒருவரைக் கிறித்தவ உலகமே தேடிவந்து போற்றியது. அதற்கு அவர் தந்த விலை இடைப்பட்ட எழுபது ஆண்டுகளின் அன்றாட உழைப்பு. தம்மைக் குறைகூறியவரின் நூலையும் தம் நூலையும் ஒரே மேசையில் வைத்துப் படித்த உழைப்பு அது.

கவிதை எழுதுவோர்க்கும் இலக்கிய வட்டங்களில் கூடுவோர்க்கும் மாற்றுக் கருத்தும் கடும் விமர்சனமும் புதியவை அல்ல. அவை வரும் நாளில் உடனே விடை எழுதாமல், முதலில் ஒரு நூலைத் திறப்பவர் யாரோ அவர் தணிகை மைந்தரின் வழியில் ஒரு படி ஏறியவர் ஆவார்.